ஒன்பது பேர், மூன்று கபின்

கப்பல் விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் "ஒருவருக்கு" என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், "இருவர் தங்கும் அறையின் அடிப்படையில்" என்றும் இருக்கும். அந்த இரண்டாவது வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ஒரு கபினுக்கு இரண்டு பேர் முழுக்காசு கட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் கப்பல் கம்பனிகள் கணக்குப் போடுகின்றன. மூன்றாவது, நான்காவது ஆள் அதே கபினுக்குள் வந்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் விலை குறையும். தனியாக ஒருவர் வந்தால், வராத அந்த இரண்டாவது ஆளின் காசையும் அவரே கட்ட வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எங்கள் குடும்பத்தில் அந்தத் தனி ஆள் பெரியம்மா.

அம்மாவும் அப்பாவும் கலியாணம் கட்டி 30 வருடம் முடியப்போகிறது. வரும் மார்ச் பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து கப்பலில் போவோம் என்று மாமாதான் தொடக்கினார். அம்மா, அப்பா, நான், தங்கச்சி. மாமா, மாமி, 11 வயதிலும் 8 வயதிலும் அவர்களின் இரண்டு பெடியன்கள். பிறகு பெரியம்மா. மொத்தம் ஒன்பது. எந்தக் கப்பல் என்று பார்த்து, விலைகளை ஒப்பிட்டு, எல்லாருக்கும் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் எக்செல் தெரிந்த ஆளாக இருந்தால் இதுதான் கதி, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் வீடியோவே 'ஐகன் ஒஃப் த சீஸ்'. ரோயல் கரீபியன் கம்பனியின் கப்பல், பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டியது, 2024 ஜனவரியில் மயாமியில் இருந்து ஓடத் தொடங்கியது. 20 தட்டு, ஏழு நீச்சல் குளம், ஆறு பெரிய நீர்ச்சறுக்கு. அதன் தங்கச்சி 'ஸ்டார் ஒஃப் த சீஸ்' 2025 ஓகஸ்டில் புளோரிடாவின் போர்ட் கனாவரலில் இருந்து தொடங்கியது. "வாழ்க்கையில ஒருக்கா, உலகத்திலேயே பெரிய கப்பல்" என்று மாமா எழுதினார். அப்பா ஒரு மணித்தியாலம் கழித்து, "கியூபாவில ஹொட்டேல் எவ்வளவு?" என்று பதில் போட்டார்.

அப்பாவின் கேள்வியைச் சும்மா பகிடி என்று விடக்கூடாது. கனடாவில் இருக்கும் எங்களுக்கு உண்மையான போட்டி அதுதான். வரடேரோவுக்கோ புண்டா கானாவுக்கோ போனால் ஃபிளைட், அறை, சாப்பாடு, குடி எல்லாம் ஒரே விலைக்குள் வந்துவிடும். கப்பலில் அப்படி இல்லை. கப்பலின் விலை ஒரு நுழைவுக் கட்டணம் மாதிரி. உள்ளே போன பிறகு இன்னொரு விலை இருக்கிறது.

அந்த இன்னொரு விலையில் முதலாவது டிப்ஸ். இது விரும்பினால் கொடுக்கும் டிப்ஸ் இல்லை, ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் தானாக ஏறுவது. ரோயல் கரீபியனில் 2024 நவம்பரில் இருந்து சாதாரணக் கபினில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டொலர். சின்னப் பிள்ளைக்கும் அதே. நோர்வீஜியனில் 20 டொலர். கார்னிவலில் 2023இல் 16 ஆக்கினார்கள். ஏழு இரவு, ஒன்பது பேர், 18.50 என்றால் 1,165 டொலர் 50 சதம். அதுவும் அமெரிக்க டொலர். எங்கள் கடனட்டைகளில் பெரும்பாலானவை அதைக் கனடா டொலருக்கு மாற்றும்போது தங்கள் பங்காக இன்னும் 2.5 வீதம் எடுக்கும்.

இரண்டாவது குடி. இது மாமாவுக்குப் பிடிக்காத பந்தி. மதுப் பொதி வாங்குவதென்றால் அதே கபினில் இருக்கும் வயது வந்த எல்லாரும் வாங்க வேண்டும் என்பது ரோயல் கரீபியனின் பொது விதி. அதாவது மாமா மூன்று பியர் குடிப்பதற்காக, வாழ்க்கையில் பிளேன்ரீயைத் தாண்டாத மாமியும் முழுப் பொதிக்குக் காசு கட்ட வேண்டும். அதற்கு மேலே 18 வீதம் சேவைக் கட்டணம். ஒவ்வொரு பியராக வாங்கிக் குடிப்பதுதான் மலிவு என்று நான் கணக்குப் போட்டு அனுப்பினேன். மாமா பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் மட்டும் போட்டார். அது சந்தோஷமான பெருவிரலா என்று இன்றுவரை தெரியாது.

வைஃபை தனி. சில உணவகங்கள் தனி. ஐகனின் பக்கச் சுவரில் கடலுக்கு மேலே தொங்கவிடும் 'கிரவுண்ஸ் எட்ஜ்' தனி. ஆனால் அந்த ஆறு சறுக்கும் இலவசம், அலைச் சறுக்கு இலவசம், பனிச்சறுக்குக் காட்சியும் நீர்ப் பாய்ச்சல் காட்சியும் இலவசம், 'த விஸார்ட் ஒஃப் ஒஸ்' நாடகமும் இலவசம். கார்னிவலின் 'செலிப்ரேஷன்' கப்பலில் சாப்பாட்டு விசயத்தில் கை தாராளம், பேகர் கடையும் மெக்சிக்கோ கடையும் விலைக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் உச்சியில் ஓடும் ரோலர் கோஸ்டருக்கு ஒவ்வொரு தடவையும் காசு. (கடலில் ரோலர் கோஸ்டர் வைத்த முதல் கப்பல் அதன் அக்கா 'மார்டி கிரா', 2021இல்.) எந்தக் கப்பல் மலிவு என்பதை விட, உங்கள் ஆட்கள் எதை உண்மையில் பாவிப்பார்கள் என்பதுதான் கேள்வி. 11 வயதுப் பெடியன் ஒரு நாளில் நாற்பது தடவை சறுக்குவான். அவனுக்கு ஐகன் மலிவு. அப்பா ஒரு தடவையும் சறுக்க மாட்டார். அவருக்கு அதே கப்பல் கொள்ளை விலை.

இதற்குள் 'யுடோப்பியா ஒஃப் த சீஸ்' என்று இன்னொன்றும் ஓடுகிறது. 2024இல் வந்தது, மூன்று நாலு இரவுப் பயணங்கள். விலையைப் பார்த்தால் கையில் எடுக்கலாம் போல இருக்கும். ரொறன்ரோவில் இருந்து போகும் எங்களுக்கு அது பொருந்தாது. ஃபிளைட் காசும் முதல் நாள் ஹொட்டேல் காசும் மூன்று இரவுக்கும் அதுதான், ஏழு இரவுக்கும் அதுதான். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் முதல் நாளே போய் நிற்க வேண்டும். மார்ச்சில் பியர்சனில் பனி கொட்டி ஃபிளைட் பிந்தினால் கப்பலுக்கு என்ன? பஃபலோவுக்குக் காரில் போய் அங்கிருந்து பறந்தால் காசு மிச்சம் பிடிக்கலாம், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்பது பேருக்கு இரண்டு கார், தரிப்பிடக் காசு, எல்லைக் கடவையில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்ந்த பிறகு எங்களுக்கு அது பெரிதாக மிஞ்சவில்லை.

இங்கே ஒரு விசயம் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் அம்மம்மா இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறார் என்றால், கனடா நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் புளோரிடாவில் ஏற அமெரிக்க விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணமே 185 டொலர், கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. நேர்முகத்துக்குத் திகதி கிடைக்கவும் காலம் எடுக்கும். கபின் எடுத்த பிறகு இதை யோசிக்காதீர்கள்.

இனிப் பருமன். மாமாவின் வாதம் எல்லாம் பருமனில்தான் நிற்கிறது. ஐகன் 248,663 டன், டைட்டானிக்கை விட ஐந்து மடங்கு பெரிது என்று வீடியோவில் சொல்வார்கள். அந்த 'டன்' எடை இல்லை. மொத்த டன்னேஜ் என்பது கப்பலின் மூடிய உள்வெளி எவ்வளவு என்பதற்கான அளவு. அதனால் அதை ஆட்களின் தொகையால் வகுத்தால், ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரியும். கப்பல் பைத்தியங்கள் எல்லாரும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஐகனுக்கு இருவர் கணக்கில் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வருகிறது. சன் பிரின்ஸஸ் 4,300 பேருக்குச் சுமார் 177,000 டன், அதாவது 41. கார்னிவல் செலிப்ரேஷன் 34க்குக் கிட்ட. பழைய மோஸ்தரில் கட்டிய குயீன் மேரி 2 கப்பலில் 55. இப்படிப் பார்த்தால் ஐகன் நல்ல விசாலமான கப்பல்.

ஆனால் நாங்கள் போவது மார்ச் விடுமுறையில். அந்தக் கிழமை கபினுக்கு இரண்டு பேர் இருக்க மாட்டார்கள். மாமா வீட்டைப் போல நாலு பேர் இருப்பார்கள். அப்போது பார்க்க வேண்டியது கப்பல் ஏற்றக்கூடிய உச்ச எண்ணிக்கை. ஐகனுக்கு அது 7,600. வகுத்தால் 32.7. எம்எஸ்சி கம்பனியின் 'வேர்ல்ட் அமெரிக்கா', 2025 ஏப்ரலில் மயாமிக்கு வந்தது, 216,638 டன், உச்ச எண்ணிக்கை 6,762. வகுத்தால் 32.0. பள்ளிக்கூடம் மூடிய கிழமையில் இரண்டும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்த இரவு நான் தங்கச்சியை எழுப்பிக் காட்டினேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு, "அப்ப விலை?" என்று கேட்டாள்.

நான் பார்த்த கிழமைகளில் எல்லாம் ஐகன்தான் விலை கூட. சில கிழமைகளில் ஐகனின் ஜன்னல் இல்லாத உள் கபின் விலைக்கு வேர்ல்ட் அமெரிக்காவில் பால்கனிக் கபின் வந்தது. வித்தியாசம் ஆளுக்கு 600 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது பேருக்கு 5,400. அதில் இரண்டு பேர்தான் நாற்பது தடவை சறுக்கப் போகிறவர்கள். அந்தக் கணக்கை மாமாவுக்கு அனுப்பியபோது, வேர்ல்ட் அமெரிக்காவில் 11 தட்டு உயரத்தில் இருந்து சுழன்று வரும் சறுக்கு ஒன்று இருப்பதையும் சேர்த்து அனுப்பினேன். விற்பனைக்காரர் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

தங்கச்சிக்கு இன்னொரு கவலை. இந்தப் புதுக் கப்பல்கள் எல்லாம் திரவ இயற்கை வாயுவில் ஓடுகின்றன, அதனால் "பசுமை" என்று விளம்பரம் செய்கிறார்கள். புகையும் கந்தகமும் குறைவு என்பது உண்மை. ஆனால் எரியாமல் வெளியே தப்பும் மீதேன், காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு சூடாக்கும் வாயு. "நான் வாறன், ஆனா என்னைப் பசுமை எண்டு சொல்லி ஏமாத்தாதேங்கோ" என்றாள். அதுவும் நேர்மையான நிலைப்பாடுதான்.

பெரியம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வசனம்: "எனக்குக் கடல் ஒத்துவராது பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் தனியாக இருக்கிறார். பெரியப்பா போய் எட்டு வருடம். விமானநிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹொட்டேலில் 11 வருடம் அறை துப்புரவு செய்து, முழங்கால் விட்ட பிறகு நின்றவர். தனிக் கபின் என்றால் இரண்டு ஆளின் காசு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மாமாவாகத்தான் இருக்கும். எங்கள் வீடுகளில் ஒருவர் காசுக்காக வரவில்லை என்றால் அதைக் காசு என்று சொல்ல மாட்டார்கள். கடல் ஒத்துவராது, குளிர் ஒத்துவராது, கோயிலில் அந்த நேரம் திருவிழா.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "அக்காவுக்கு ரெண்டும் இருக்கு" என்றார் பிறகு. "காசும் இருக்கு, கடலும் இருக்கு."

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் அகதி முகாம்களில் இருந்த ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். உங்களில் பலருடைய வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படி வந்திருப்பார். பெரியம்மாவுக்கு அப்போது 20 வயது, கொழும்பில் ரைப்பிங் படித்துக்கொண்டிருந்தவர். ஆட்களுக்காகக் கட்டிய கப்பல் இல்லை அது. கீழே, சாமான் ஏற்றும் இடத்துக்குள் இருத்தியிருந்தார்கள். அம்மாவுக்கு இது அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேலே அவர் யாருக்கும் சொன்னதில்லை. பெரியம்மா தன் வாழ்க்கையில் ஏறிய கப்பல் அது ஒன்றுதான்.

நான் அவர் வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். கட்டாயப்படுத்த இல்லை, படங்களைக் காட்ட. சாப்பாட்டு மண்டபம், நாடக மேடை, நீச்சல் குளம் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "மேல, வெளியில, சும்மா இருக்க இடம் இருக்கோ? காசு கட்டாம, ஆரையும் கேக்காம?"

நான் அதுவரை போட்ட அட்டவணையில் 14 நிரல்கள் இருந்தன. இது இல்லை. அந்தப் பின்னேரம் 15ஆவது நிரலைச் சேர்த்துவிட்டு எல்லாக் கப்பலின் தட்டு வரைபடங்களையும் திரும்பப் பார்த்தேன். பெரிய கப்பல்களைப் பற்றி நான் படித்த எதையும் விட அந்தக் கேள்வி எனக்கு அதிகம் காட்டியது.

இந்தப் புதுக் கப்பல்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டப்பட்டவை. அகலம் கூடக்கூட நடுவில் உள்ள இடத்துக்கு ஜன்னல் கிடைக்காது. அதனால் நடுவைக் குடைந்து அதற்குள் ஒரு பூங்கா, ஒரு தெரு, ஒரு பிள்ளைகள் முற்றம் என்று வைத்து, கபின்களின் முகத்தை அதற்குள் திருப்பிவிடுகிறார்கள். புத்தி என்றால் புத்திதான். 2009இல் 'ஒயேசிஸ் ஒஃப் த சீஸ்' வந்ததில் இருந்து இதுதான் வழி. ஐகனின் 'சென்ட்ரல் பார்க்'கில் உண்மையான செடிகள் வளர்கின்றன. ஆனால் நீங்கள் விலைப்பட்டியலில் "பால்கனி" என்று பார்த்து, அட, மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், கதவைத் திறக்க எதிர்க் கபின்காரர் பல் தீட்டிக்கொண்டு நிற்பார். பூங்காப் பக்கப் பால்கனி, பிள்ளைகள் முற்றப் பால்கனி, உலாத்தெருப் பால்கனி எல்லாம் அந்த வகை. வேர்ல்ட் அமெரிக்காவிலும் உண்டு. கபின் எடுக்கும்போது "கடல் பக்கம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு விசயம் மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

திறந்த வெளியையும் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். வேர்ல்ட் அமெரிக்காவின் முன்பக்க மேல்தட்டுகள் 'யோட் கிளப்' ஆட்களுக்கு மட்டும். அவர்கள் கட்டும் விலைக்கு நாங்கள் ஒன்பது பேரில் நாலைந்து பேர் போய் வரலாம். மற்றக் கம்பனிகளிலும் பெரிய அறைக்காரருக்கென்று அடைத்த தட்டுகள் இருக்கின்றன. ஐகனில் ஐந்தாம் தட்டைச் சுற்றி நடக்கும் பாதை இருக்கிறது, முன்பக்கக் கண்ணாடிக் கூடத்துக்குள் கடலைப் பார்த்து இருக்கும் இருக்கைகள் இருக்கின்றன. நல்ல இருக்கைகள், இலவசம், முந்தியவருக்கு இடம். ஆனால் கண்ணாடிக்குள்.

வேர்ல்ட் அமெரிக்காவின் பின்பக்கம் வேறு மாதிரி. கப்பலின் வால் இரண்டாகப் பிரிந்து, நடுவில் உள்ள உலாத்தெரு அப்படியே கடலை நோக்கித் திறந்து நிற்கிறது. கூரை பாதி, வானம் பாதி. அங்கே போய் நின்றால் கப்பல் விட்டுப்போகும் வெள்ளைக் கோடு தெரியும். பதிவு இல்லை, டிக்கெட் இல்லை. சறுக்கு அதே இடத்தில்தான் வந்து முடிகிறது, அதனால் அமைதி என்று சொல்ல முடியாது. படத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். விரலை வைத்து அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். தொடுதிரை என்பதால் படம் பெரிதாகிவிட்டது.

"உதில கதிரை இருக்கோ?"

"இருக்கு பெரியம்மா."

கபின் விசயத்தில் வழி இதுதான். நானும் தங்கச்சியும் பெரியம்மாவும் மூன்று பேர் ஒரு கபின், கடல் பக்கப் பால்கனி. மாமா வீடு நாலு பேர் ஒன்று. அம்மாவும் அப்பாவும் ஒன்று. அவர்களின் கலியாண நாள், அவர்களுக்குத்தான் பால்கனி என்று நான் சண்டை போட்டேன். "இருட்டா இருந்தா நல்லா நித்திரை வரும்" என்று அப்பா உள் கபினைக் கேட்டு வாங்கினார். 19 வருடம் இரவு வேலை செய்து பகலில் படுக்கிற மனிதர், ஜன்னல் இல்லாத அறையைப் பரிசு மாதிரி நினைக்கிறார். மூன்று பேர் கபினில் ஒரு கட்டில் மேலே இருந்து இறங்கி வரும். அது தங்கச்சிக்கு. முழங்கால் நோ உள்ளவரை ஏணியில் ஏற்றும் நிலை வராமல், கபின் எடுக்க முதலே கட்டில் எப்படி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் கஷ்டமான கணக்கு. கபினில் முதல் இரண்டு பேருக்கு முழு விலை, மூன்றாம் ஆளுக்குக் குறைந்த விலை. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். பேப்பரும் பேனையும் கேட்டார்.

"மூண்டாம் ஆளுக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

சொன்னேன். எழுதினார்.

"நான் வராட்டி நீங்கள் ரெண்டு பேரும் உள் அறை எடுத்திருப்பியள், என்ன?"

ஓம் என்றேன். உண்மை அதுதான். உள் அறைக்கும் பால்கனிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு அதையும் எழுதினார். பால்கனி தனக்காகத்தான் எடுக்கிறோம், ஆகவே அந்த வித்தியாசம் தன்னுடையது, மூன்றாம் ஆள் காசும் தன்னுடையது என்று இரண்டையும் கூட்டினார். வந்த தொகை என் கணக்கை விடக் கொஞ்சம் கூட. நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். "உன்ர கணக்கு வகுத்தல் கணக்கு. இது சரியான கணக்கு" என்றார். தனிக் கபின் எடுத்திருந்தால் கட்டியிருக்கக்கூடியதில் பாதிக்கும் குறைவுதான் அது, ஆனால் அவருக்கு முக்கியம் அது இல்லை. தன் இடத்துக்குத் தான் காசு கட்டியாயிற்று என்பது பேப்பரில் இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையில் அவர் எண்ணையே போட்டேன்.

பிறகு டிப்ஸ் நிரலுக்கு வந்தோம். அதில்தான் பெரியம்மா கூட நேரம் நின்றார். இந்தக் காசு ஆருக்குப் போகுது, அறை செய்யிற ஆளுக்கு நேராகப் போகுதோ, பிரிக்கினமோ, எத்தனை அறை ஓர் ஆளுக்கு. அறை செய்பவர், சாப்பாட்டு மேசைக்காரர், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வேலை செய்பவர்கள் என்று பிரிப்பார்கள் என்றேன். ஐகனில் வேலை செய்பவர்கள் மட்டும் சுமார் 2,350 பேர். பெரும்பாலானோர் பல மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் 14 மணித்தியாலம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது, ஏழு நாளில் 72 மணித்தியாலம் வரை. இந்தக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்ட்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுவதால் அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கு இல்லை. கடலில் ஏழு இரவு, சாப்பாடு, நாடகம் எல்லாம் சேர்த்து ஒரு நகர ஹொட்டேல் விலைக்கு எப்படி வருகிறது என்று யோசிப்பவர்களுக்கு, பதிலின் பெரும் பங்கு இதற்குள் இருக்கிறது. டிப்ஸை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் கேட்டால் நீக்கிவிடலாம், காசு மிச்சம் என்று சொல்லித்தரும் வீடியோக்களும் உண்டு. மாமா அதில் ஒன்றை அனுப்பியிருந்தார். பெரியம்மாவுக்கு அதை நான் காட்டவில்லை. மாமாவின் நன்மைக்காக.

"நான் ஒரு நாளைக்குப் 16 அறை செய்தனான்" என்றார் பெரியம்மா. "தலையணைக்கு மேல ஒரு டூனி வைச்சிட்டுப் போற ஆக்களை இப்பவும் ஞாபகம் இருக்கு. அறை நம்பரோட."

வேறு சின்ன விசயங்களும் உண்டு. ரைஸ் குக்கர் கொண்டுபோக முடியாது, கேத்திலும் முடியாது, சூடாகும் சாமான் எதையும் ஏறும் இடத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த சாப்பாடும் கூடாது. முத்திரை உடைக்காத மிக்ஸ்சர் பைக்கற்றுக்குத் தடை இல்லை. அம்மா இதைக் கேட்டதும் மிளகாய்த்தூள் எந்த வகைக்குள் வரும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். முழுக் காசையும் பெரும்பாலும் பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு கேட்பார்கள். அதற்கு முன் விலை இறங்கினால் உங்கள் முகவரிடம் கேட்டால் குறைத்துத் தரக்கூடும், கேட்காதவருக்குத் தானாகக் குறைக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தரம் பாருங்கள்.

முற்பணம் கட்டியாயிற்று. மாமா இன்னும் ஐகன் வீடியோக்களை அனுப்புகிறார், "அடுத்த முறை" என்ற குறிப்போடு. பெடியன்கள் 11 தட்டுச் சறுக்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை பெரியம்மா தன் பங்கைக் கொண்டுவந்தார். பெரிய கடித உறைக்குள் கபின் காசு, எண்ணி, மேலே தொகை எழுதி. அதோடு இன்னொரு சின்ன உறை. அதற்குள் 14 தாள்கள், எல்லாம் ஐந்து டொலர் அமெரிக்கக் காசு. மார்க்கம் வீதியில் காசு மாற்றும் கடையில் புதுத் தாளாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு, கணக்கில் ஏறும் டிப்ஸுக்கு மேலே. அதை என் கையில் தரவில்லை, காட்டிவிட்டுத் திரும்பத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"எங்கட அறை செய்யிற பிள்ளையின்ர பேர் முதலே சொல்லுவினமோ?"

"ஏறின பிறகுதான் தெரியும் பெரியம்மா."

"சரி," என்றார். "அப்ப பேர் எழுத இடம் விட்டு வைப்பம்."